வெளி அழைப்பை எங்கே இறக்குவது? ஆஸ்டரிஸ்க் சர்வரில் நேரடி எண், ரிங் குரூப், ஐவிஆர், கியூ

ஆஸ்டரிஸ்க் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக இயங்கும் மென்பொருள்) சர்வர் ஏறிவிட்டது. 201, 202 என்று உள் போன்கள் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன, வெளியே டயல் செய்தாலும் போகிறது. அடுத்து, வெளியிலிருந்து நம் எண்ணுக்கு வரும் அழைப்பை எங்கே கொண்டுபோய் இறக்குவது? ஆஸ்டரிஸ்க்கைத் திரையில் அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸில் 'இன்பவுண்ட் ரூட்' (உள்ளே வரும் அழைப்பின் வழி) பக்கத்தின் அடியில் இருக்கும் டெஸ்டினேஷன் பெட்டியைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் (ஓர் உள் போன்), ரிங் குரூப் (பல போன்கள் சேர்ந்து அடிப்பது), ஐவிஆர் (குரல் கேட்டு எண் அழுத்தும் மெனு), கியூ (காத்திருப்பு வரிசை), டைம் கண்டிஷன் (நேரம் பார்த்து வழி பிரிப்பது), வாய்ஸ்மெயில் என்று பட்டியல் நீளும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒரு போன் அடிக்கும் என்பதால் பலர் இதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அதன் பலனை அனுபவிப்பது கூப்பிடுகிறவர். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று அடுக்கு ஐவிஆர் இருக்கும். எண்களை அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் அடிப்பது அதே வரவேற்பு மேசை போன்தான்.

தேர்வு செய்ய இரண்டு கேள்விகள் போதும். கூப்பிடுகிறவருக்கு யார் வேண்டும் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியுமா? 30 நொடியில் யாரும் எடுக்காவிட்டால் அந்த அழைப்பு எங்கே போக வேண்டும்? முதல் கேள்வியே நேரடி எண், ரிங் குரூப், ஐவிஆர், கியூ என்ற நான்கு வழிகளில் எது சரி என்று பெரும்பாலும் காட்டிவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை வைக்காமல் விட்டால், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அழைப்புகள் தொலையும்.

இங்கே எடுத்துக்கொள்வது சென்னையில் 10 முதல் 40 பேர் வரை உள்ள ஓர் அலுவலகம். 044 எண், 10 சேனல் சிப் ட்ரங்க் (ஆபரேட்டரோடு ஐபி வழி இணைப்பு) அல்லது 30 சேனல் பிஆர்ஐ (டிஜிட்டல் கம்பி இணைப்பு; ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு), மேலே ஃப்ரீபிபிஎக்ஸ். டயல்பிளானை (அழைப்பு எப்படிப் போக வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பு) கையால் எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குதான், திரைப் பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில் வாசலைச் சரிசெய்யுங்கள்

ஐவிஆர் வரவில்லை, கியூ அடிக்கவில்லை என்று சொல்லப்படும் புகார்களில் நிறைய, ஐவிஆருக்கோ கியூவுக்கோ சம்பந்தமே இல்லாதவை. அழைப்பு வாசலிலேயே நின்றிருக்கும்.

ஒரே சென்னை எண்ணை ஆபரேட்டர் பல வடிவங்களில் அனுப்பக்கூடும்: கூட்டல் குறியோடு 9144, கூட்டல் இல்லாமல் 9144, 044, வெறும் 44. பிஆர்ஐ என்றால் பல இடங்களில் கடைசி 4 இலக்கம் மட்டும் வரும். இன்பவுண்ட் ரூட்டில் டிஐடி நம்பர் (கூப்பிடப்பட்ட எண்) பெட்டியில் நீங்கள் எழுதியதும் ஆபரேட்டர் அனுப்பியதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 044 என்று எழுதிவைத்து, வருவது +9144 ஆக இருந்தால் ரூட் பொருந்தாது.

என்ன வருகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'பிஜேசிப் செட் லாகர் ஆன்' கொடுத்துவிட்டு ஒரு கைபேசியிலிருந்து கூப்பிடுங்கள். அழைப்பைத் தொடங்கும் செய்தியில், 'இன்வைட்' என்று தொடங்கும் முதல் வரியில், ஆட் குறிக்கு முன்னால் இருப்பதைத்தான் ஆஸ்டரிஸ்க் 'டயல் செய்யப்பட்ட எண்' என்று எடுத்துக்கொள்கிறது. அங்கே உங்கள் எண் இருந்தால் நல்லது. அங்கே ட்ரங்க் கணக்கின் யூசர்நேம் இருந்து, உண்மையான எண் கீழே 'டூ' ஹெடரில் (செய்தியின் தலைப்பு வரி) இருந்தால், உங்களுக்கு எத்தனை எண்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே ரூட்டில்தான் போய் விழும். அப்போது ட்ரங்கின் கான்டெக்ஸ்டை (அழைப்பு நுழையும் டயல்பிளான் பகுதி) 'ஃப்ரம்-பிஎஸ்டிஎன்-டூஹெடர்' என்று மாற்ற வேண்டும். ஐஎம்எஸ் (ஆபரேட்டரின் ஐபி வழிக் குரல் வலையமைப்பு) வழி ட்ரங்குகள் சிலவற்றில் எண் 'பி-கால்டு-பார்ட்டி-ஐடி' ஹெடரில் வரும். அதைப் படிக்கத் தனியாக இரண்டு வரி டயல்பிளான் எழுதித்தான் ஆக வேண்டும். இன்வைட்டில் எண்ணே இல்லாமல் 'எஸ்' என்று மட்டும் வந்தால், ரெஜிஸ்ட்ரேஷனில் (சர்வர் ஆபரேட்டரிடம் தன்னைப் பதிவதில்) 'கான்டாக்ட் யூசர்' காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அதில் உங்கள் எண்ணை எழுதினால் போதும்.

வடிவங்களைக் கையாள இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ரூட் போடலாம். மூன்று எண்கள், இரண்டு ஆபரேட்டர்கள் என்றால் இதுவே பத்துப் பன்னிரண்டு ரூட் ஆகிவிடும், ஒன்றை மாற்றி இன்னொன்றை மறப்பது நிச்சயம். நல்ல வழி, வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. எக்ஸ்டென்ஷன்ஸ் கஸ்டம் கோப்பில் ஒரு புதிய கான்டெக்ஸ்ட் எழுதி, ட்ரங்கை அதற்குத் திருப்புங்கள். உள்ளே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வந்த எண்ணின் கடைசி 10 இலக்கத்தை எடுத்து (எக்ஸ்டென் மாறியில் முக்காற்புள்ளிக்குப் பின் -10 என்று எழுதினால் போதும்), அதோடு 'ஃப்ரம்-ட்ரங்க்' கான்டெக்ஸ்டுக்கு கோடூ போடுவது. பிஆர்ஐயிலிருந்து 4 இலக்கம் மட்டும் வந்தால் அது அப்படியே கடந்து போகும், கெடாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அடிக்கோடு, எக்ஸ், புள்ளி என்று எழுதும் பேட்டர்ன் இலக்கத்தில் தொடங்கும் எண்ணுக்குத்தான் பொருந்தும். கூட்டல் குறியில் தொடங்கும் எண்ணுக்குப் பொருந்தாது. ஆகவே கூட்டல் குறி சேர்த்த இரண்டாவது பேட்டர்ன் ஒன்றும் வேண்டும். இதைத் தவிர்க்கச் சிலர் அடிக்கோடும் புள்ளியும் மட்டும் போட்டு 'எல்லாமே பொருந்தட்டும்' என்று விடுவார்கள். அது, அழைப்பு முடிந்ததும் ஆஸ்டரிஸ்க் தானாக ஓட்டும் 'எச்' எக்ஸ்டென்ஷனையும் பிடித்துக்கொள்ளும். வைத்துவிட்ட அழைப்பு மறுபடி ரூட்டுக்குள் நுழையும் விசித்திரமெல்லாம் இதில்தான் வரும்.

அதே இடத்தில் காலர் ஐடியையும் சரிசெய்துவிடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் தரைவழி எண்ணிலிருந்து கைபேசிக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும். உள்ளே வரும் காலர் ஐடியோ +91 சேர்ந்தோ வெறும் 10 இலக்கமாகவோ இருக்கும். மிஸ்டு கால் பட்டியலில் இருந்து ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பக் கூப்பிட்டால் போகாது. +91இல் தொடங்கினால் அதை நீக்கி 0 சேருங்கள். வெறும் 10 இலக்கமாக வந்தாலும் 0 சேருங்கள். வேறு நாட்டுக் குறியீட்டில் தொடங்கினால் கூட்டலை எடுத்துவிட்டு 00 சேருங்கள். இந்த மூன்று நிபந்தனைகளை எழுத ஆகும் நேரம், அலுவலகம் முழுக்க ஒவ்வொரு நாளும் மிச்சமாகும்.

பொருந்தாத அழைப்புக்கென்று கடைசியாக ஒரு ரூட் கட்டாயம் வேண்டும், டிஐடி, காலர் ஐடி இரண்டு பெட்டியும் காலியாக. அது இல்லாதபோது கூப்பிட்டவர் ஆங்கிலத்தில் 'இந்த எண் சேவையில் இல்லை' என்ற பதிவைக் கேட்பார். அந்தக் குரல் வந்தால் ட்ரங்க் சரி, ரூட்தான் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆபரேட்டரின் சொந்த அறிவிப்பு வந்தால் அழைப்பு உங்கள் சர்வருக்குள்ளேயே வரவில்லை, அல்லது சர்வர் அதை வாசலில் நிராகரித்துவிட்டது.

ட்ரங்கை அடையாளம் காண்பது: ஐபியா, ரெஜிஸ்ட்ரேஷனா

நிலையான ஐபி இருந்தால் ஐபி முறை மேல். ஆபரேட்டர் உங்கள் ஐபிக்கு நேராக அனுப்புவார், நீங்கள் அவர் ஐபியை 'மேட்ச்' பட்டியலில் வைத்து ஏற்பீர்கள். இதில் வழக்கமான கோளாறு, ஆபரேட்டரின் இரண்டாவது எஸ்பிசி (அவர் பக்கத்து வாசல் சர்வர்) ஐபியைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது. அழைப்பு சிலசமயம் வரும், சிலசமயம் வராது. லாகில் 'நோ மேட்சிங் எண்ட்பாயின்ட் ஃபவுண்ட்' என்ற வரியும் அதன் பக்கத்தில் அந்த ஐபியும் இருக்கும். அதை எடுத்துப் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. ஐபிக்குப் பதிலாக டொமைன் பெயரை எழுதியிருந்தால், ஆஸ்டரிஸ்க் அதைக் கான்ஃபிகரேஷன் ஏற்றும்போதுதான் ஐபியாக மாற்றிக்கொள்கிறது. ஆபரேட்டர் பின்னால் ஐபியை மாற்றினால், ரீலோடு செய்யும்வரை சர்வருக்குத் தெரியாது.

சாதாரண பிராட்பேண்டில் சிஜிநாட் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்வது) பின்னால் இருந்தால் ரெஜிஸ்ட்ரேஷன் மட்டுமே வழி. அங்கே வரும் தொல்லை: வெளியே போகும் அழைப்பு எப்போதும் சரி, உள்ளே வருவது சர்வரை மறுதொடக்கம் செய்த சில நிமிடம் வரை சரி, பிறகு மௌனம். ரவுட்டர் தன் யூடிபி பதிவைச் சீக்கிரமே மறந்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரேஷனோ 3600 நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ட்ரங்கை எத்தனை நொடிக்கு ஒருமுறை சர்வர் சோதிக்கும் என்ற 'குவாலிஃபை ஃப்ரீக்வென்ஸி'யை 60இல் இருந்து 25 அல்லது 30 ஆகக் குறையுங்கள், ரவுட்டரில் சிப் செய்திகளைத் திருத்தும் சிப் ஏஎல்ஜியை அணையுங்கள்.

வெளியிலிருந்து அழைப்பு வரவில்லை என்றதும் 'அனானிமஸ் இன்பவுண்ட் சிப் கால்' என்பதை 'யெஸ்' ஆக்கிவிடு என்று சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். அழைப்பு வரும், கூடவே உலகத்தின் ஸ்கேனர்களும் வரும். நள்ளிரவில் 100, 1000 என்ற எண்களிலிருந்து போன் அடித்து, எடுத்தால் சத்தமே இருக்காது. சிப் செய்திகள் வரும் 5060 போர்ட்டை ஃபயர்வாலில் ஆபரேட்டரின் ஐபிகளுக்கும், வெளியில் உங்கள் போன்கள் இருந்தால் அவற்றுக்கும் மட்டும் திறந்துவையுங்கள். குரலுக்கான 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டுகள் வேறு, அவற்றை அடைத்தால் ஒருபக்கச் சத்தம்தான் மிஞ்சும்.

கோடெக்கில் (குரலை இலக்கமாக்கும் முறை) 'ஏ-லா'வை முதலில் வையுங்கள். இந்தியத் தொலைபேசி வலையமைப்பு ஏ-லாவில் இயங்குகிறது. அமெரிக்க உதாரணங்களைப் பார்த்து 'மியூ-லா' மட்டும் அனுமதித்த ட்ரங்க், 488 என்ற பதிலோடு அழைப்பைத் திருப்பி அனுப்பிவிடும்.

நேரடி எண்

ஆபரேட்டரிடம் 100 எண் கொண்ட தொடர் வாங்கினால், கடைசி 4 இலக்கம் 4500 முதல் 4599 வரை என்று வரும். 4512க்கு வரும் அழைப்பு நேராக 212ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு. நடுவில் குரலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. தன் வாடிக்கையாளரைத் தானே கவனிக்கும் விற்பனையாளர், சர்வீஸ் எஞ்சினியர், தணிக்கையாளர் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. யார் வேண்டும் என்று தெரிந்து கூப்பிடுகிறவரை வேறு எதன் வழியாகவும் சுற்றவிடக் கூடாது.

இதன் பலவீனம், எண் ஆளோடு ஒட்டிக்கொள்வது. அவர் விடுப்பில் போனால், வேலையை விட்டால், அந்த எண் அட்டையில் அச்சாகி ஊரெல்லாம் இருக்கும். எனவே எக்ஸ்டென்ஷனின் 'ஆப்ஷனல் டெஸ்டினேஷன்ஸ்' பகுதியில் உள்ள மூன்றையும் நிரப்புங்கள்: எடுக்காதபோது, பிஸியாக இருக்கும்போது, எட்டமுடியாதபோது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். போனின் அடாப்டர் கழன்று அது ரெஜிஸ்டர் ஆகாமல் கிடந்தால் பொருந்துவது இந்த மூன்றாவது மட்டுமே. அது காலியாக இருந்தால் மணியே அடிக்காமல் அழைப்பு அறுந்துவிடும்.

மூன்றுக்கும் வாய்ஸ்மெயிலைக் கொடுப்பது கைப்பழக்கமாக இருக்கிறது. நம் ஊரில் வாய்ஸ்மெயிலில் பேசுகிறவர் அரிது. பீப் கேட்டதும் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார், அல்லது வாட்ஸ்அப்பில் எழுதுவார். மேசையில் இருக்கும் இரண்டு பேர் கொண்ட ரிங் குரூப்புக்கு அனுப்புங்கள்.

ரிங் குரூப்

ஒரே எண், நான்கைந்து போன், யார் எடுத்தாலும் வேலை நடக்கும். கடை, சிறு கிளினிக், 10 பேருக்குள் இருக்கும் எந்த அலுவலகத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கூப்பிட்டவர் காதில் சாதாரண ரிங் மட்டும் கேட்கும், ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும்.

'ரிங் ஆல்' உத்தியில் 5 போன் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் போனால், யாராவது எடுப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுவது தொடங்கும். முதலில் வரவேற்பு மேசை 12 நொடி, பிறகு எல்லாப் போனும் 20 நொடி என்று இரண்டு குரூப்பாகப் பிரித்து, முதலாவதன் முடிவில் இரண்டாவதைக் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது.

ஒரு சின்ன டிக் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து போன் ஒன்றாக அடிக்கிறது, ஒருவர் எடுத்துப் பேசுகிறார். மற்ற நான்கு போனின் திரையிலும் 'ஒரு மிஸ்டு கால்' என்று நிற்கும். மதியம் ஒவ்வொருவராக அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே பேசி முடித்த வாடிக்கையாளருக்கு நான்கு அழைப்பு போகும், எரிச்சல் வராமல் என்ன செய்யும்? குரூப்பின் அமைப்பில் 'மார்க் ஆன்சர்டு எல்ஸ்வேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையால் எழுதும் டயல்பிளானில் டயல் கட்டளையின் கடைசியில் 'சி' ஆப்ஷன், சின்ன எழுத்தில். பெரும்பாலான மேசை போன்கள் அதைப் புரிந்துகொண்டு மிஸ்டு கால் காட்டாது.

ரிங் குரூப்புக்குக் காத்திருப்பு என்பது கிடையாது. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த அழைப்பு உடனே முடிவு டெஸ்டினேஷனுக்குப் போகும். கால் வெயிட்டிங் இருந்தால் பேசிக்கொண்டிருப்பவர் காதிலேயே பீப் பீப் என்று அடிக்கும். இது ஒரு நாளில் அடிக்கடி நடக்கிறது என்றால் கியூவுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது.

குரூப்பில் ஊழியரின் கைபேசியைச் சேர்க்க விரும்பினால், எண்ணின் முடிவில் # போட வேண்டும். அப்படிச் சேர்த்த ஒவ்வொரு அழைப்பும் ட்ரங்கில் இரண்டு சேனல் எடுக்கும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கைபேசித் திரையில் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பதில் உங்கள் அலுவலக எண் தெரிந்தால் அது கோளாறு இல்லை. உங்களுக்கு ஒதுக்காத எண்ணைக் காலர் ஐடியாக அனுப்ப ஆபரேட்டர் பொதுவாக விடமாட்டார். கைபேசியின் வாய்ஸ்மெயில் அழைப்பை விழுங்காமல் இருக்க, 'கன்ஃபர்ம் கால்ஸ்' வையுங்கள்: எடுத்தவர் 1 அழுத்தினால்தான் இணைப்பு.

ஐவிஆர்

விற்பனை, சர்வீஸ், கணக்கு என்று உண்மையிலேயே தனித்தனி ஆட்கள் இருந்து, தவறான ஆளிடம் போனால் மாற்றித்தர நேரம் வீணாகும் என்றால் ஐவிஆர் தேவை. மூன்று வழியும் ஒரே ஆளிடம் போய் முடிந்தால் தேவையில்லை. ஓர் அடுக்கு, அதிகபட்சம் நான்கு தேர்வு. குரல்பதிவு 15 நொடிக்குள் முடிய வேண்டும். நிறுவனத்தின் பெருமைகளைச் சொல்லும் இடம் இது இல்லை, பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தேர்வுக்குப் போய்விடுங்கள். 'விற்பனைக்கு 1, சர்வீஸுக்கு 2' என்று முதலில் பிரிவு, பிறகு எண் என்ற வரிசையில் பதிவுசெய்யுங்கள். 'தமிழுக்கு 1' என்று மொழித் தேர்வை முன்னால் வைப்பதைவிட, மூன்றே தேர்வு என்றால் ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் சொல்லிவிடுவது ஒரு படியை மிச்சமாக்கும்.

கோப்பு 8000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் வேவ் ஆக இருக்க வேண்டும். கைபேசியில் பதிந்த 44100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ கோப்பை ஆஸ்டரிஸ்க் கோப்புறையில் நேராகப் போட்டால் அது ஓடாது, கூப்பிட்டவருக்கு வெறும் மௌனம்தான் கேட்கும். ஃப்ரீபிபிஎக்ஸின் 'சிஸ்டம் ரெக்கார்டிங்ஸ்' வழியாக ஏற்றினால் அதுவே மாற்றிக்கொள்ளும். குரலுக்கு முன்னால் ஒரு நொடி மௌனம் சேருங்கள். அழைப்பை எடுத்த கணத்தில் குரல் பாதை முழுதும் திறந்திருக்காது, 'வணக்கம்' என்பது 'க்கம்' என்று கேட்கும்.

எக்ஸ்டென்ஷன்கள் 101, 102 என்று இருக்கின்றன, ஐவிஆரில் 'டைரக்ட் டயல்' இயக்கப்பட்டிருக்கிறது, தேர்வு 1 விற்பனை. ஒருவர் 1 அழுத்தினால், அது 101இன் தொடக்கமாக இருக்குமோ என்று சர்வர் சில நொடி காத்து நிற்கும். கூப்பிட்டவர் அழுத்தியது விழவில்லை என்று நினைத்து மறுபடி 1 அழுத்துவார், 11 ஆகிவிடும், 'தவறான தேர்வு' என்று பதில் வரும். எக்ஸ்டென்ஷன்களை 201இல் இருந்தோ 601இல் இருந்தோ தொடங்கி, அந்த முதல் இலக்கத்தைத் தேர்வில் பயன்படுத்தாமல் விட்டால் இந்தத் தாமதமே இராது. மறுபடி அழுத்தாமலே ஒன்று இரண்டாக விழுந்தால் காரணம் வேறு: ட்ரங்கில் விசை ஒலி இரண்டு விதமாக, குரலுக்குள்ளும் தனிப் பாக்கெட்டாகவும் வருகிறது. விசை ஒலி அனுப்பும் டிடிஎம்எஃப் முறையை ஆர்எஃப்சி 4733 (தனிப் பாக்கெட்டாக மட்டும்) என்று ஆபரேட்டரோடு பேசி உறுதிசெய்யுங்கள்.

எதுவும் அழுத்தாதவருக்கு என்ன ஆகிறது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். ஓட்டிக்கொண்டே பேசுகிறவர், பார்வை குறைந்தவர், வயதானவர் என்று பலர் அழுத்தமாட்டார்கள். ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டு, நேராக ஒரு மனிதரின் போனுக்கு அனுப்புங்கள். 'நன்றி, வணக்கம்' சொல்லித் துண்டிக்கும் ஐவிஆரை நான் எந்த அலுவலகத்துக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு கடும் எச்சரிக்கை. ஐவிஆர் இருக்கும் கான்டெக்ஸ்டுக்குள் வெளி அழைப்பு போகும் கான்டெக்ஸ்டை இன்க்ளூட் செய்தால், வெளியிலிருந்து கூப்பிட்டவர் உங்கள் ட்ரங்க் வழியாக வெளிநாட்டுக்கு டயல் செய்ய முடியும். மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் தெரியும்.

1800 எண் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐவிஆர் அழைப்பை எடுத்த நொடியிலிருந்து கட்டணம் உங்களுடையது. கூப்பிட்டவர் பாட்டு கேட்டுக் காத்திருக்கும் நிமிடங்களும் அதில் சேரும்.

கியூ

ஒரே வேலையைச் செய்யும் மூன்று பேருக்கு மேல், ஒரே நேரத்தில் அவர்களைவிட அதிக அழைப்பு. இந்த இரண்டும் இருந்தால் கியூ. ரயில் நிலைய டிக்கெட் கவுண்டர் வரிசை போல, வந்த வரிசையில் ஆள் கிடைப்பார்.

ஃப்ரீபிபிஎக்ஸ் தரும் இயல்புநிலையில் 'மேக்ஸ் வெயிட் டைம்' வரம்பில்லாதது. மாலை 5:58க்கு ஒருவர் கூப்பிட்டுக் கியூவில் நுழைகிறார். 6 மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். டைம் கண்டிஷன் அழைப்பு நுழையும்போது மட்டும்தான் நேரத்தைப் பார்க்கும், உள்ளே இருப்பவரை மறுபடி பார்க்காது. அவர் தானாக வைக்கும்வரை பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். 180 நொடி என்று வரம்பு வைத்து, முடிவில் ஒரு டெஸ்டினேஷன் கொடுங்கள். 'ஜாயின் எம்ப்டி'யை 'ஸ்ட்ரிக்ட்' ஆக்கினால் ஆளில்லாத கியூவில் யாரும் நுழைய மாட்டார்கள். 'லீவ் எம்ப்டி'யையும் அப்படியே வைத்தால், கடைசி ஆள் லாக்அவுட் ஆனதும் காத்திருப்பவர்கள் வெளியே அனுப்பப்படுவார்கள். இந்த இரண்டும் பலனளிக்க, ஊழியர்கள் டைனமிக் ஏஜென்ட்களாக இருந்து, காலையில் *45 அடித்து நுழைந்து, மாலையில் அதே *45 அடித்து வெளியேற வேண்டும். ஸ்டாட்டிக் ஏஜென்டாக இருந்தால் போன் மின்சாரத்தில் இருக்கும்வரை ஆள் இருப்பதாகவே கியூ நினைக்கும்.

உத்தியில் 'ஆர்ஆர் மெமரி'யைப் பரிந்துரைக்கிறேன். கடைசியாக எடுத்தவருக்கு அடுத்தவரிடமிருந்து அடிக்கத் தொடங்கும், சுமை சமமாகப் பிரியும். ஏஜென்ட் டைம்அவுட் 15 நொடி, ரீட்ரை 2 நொடி, ராப்-அப் 10 நொடி. ராப்-அப் பூஜ்யமாக இருந்தால், பேசி வைத்தவர் ஒரு வரி குறிப்பு எழுதுவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். பேசிக்கொண்டிருப்பவருக்கு அடிக்காமல் இருக்க 'ஸ்கிப் பிஸி ஏஜென்ட்ஸ்' வையுங்கள். ஆட்டோஃபில் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மூன்று பேர் சும்மா இருந்தாலும் வரிசையின் முதல் அழைப்புக்கு மட்டுமே அடித்துக்கொண்டிருக்கும்.

ஆஸ்டரிஸ்க்குடன் வரும் குரல் தொகுப்பில் தமிழ் கிடையாது. உங்கள் வரவேற்பு தமிழில் இருந்து, நடுவில் வரிசை எண்ணை ஆங்கிலக் குரல் சொன்னால் விகாரமாக இருக்கும். வரிசை எண் அறிவிப்பை அணைத்துவிட்டு, 'இன்னும் சற்று நேரத்தில் இணைக்கிறோம்' என்று நீங்களே பதிந்த ஒரு வரியை 40 நொடிக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

கியூவில் காத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சேனலைப் பிடித்திருப்பார். 10 சேனல் ட்ரங்கில் 3 பேர் பேச, 7 பேர் காத்திருந்தால், உங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே ஓர் அழைப்புகூடப் போகாது. எனவே 'மேக்ஸ் காலர்ஸ்' 4 என்று வையுங்கள். ஐந்தாமவருக்கு மன்னிப்போடு ஓர் அறிவிப்பும், திரும்பக் கூப்பிடுவோம் என்ற உறுதியும் சொல்லி, அதைச் செய்யவும் ஓர் ஆளை நியமியுங்கள். இணையப் பட்டையைப் பொறுத்தவரை ஜி.711இல் (ஏ-லா, மியூ-லா இரண்டின் பொதுப் பெயர்) ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட், 10 அழைப்புக்கு ஒரு மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. பட்டை அகலத்தால் அல்ல, சேனலால்தான் இடறும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முன்னால் நேரம்

டைம் கண்டிஷன் இந்த நான்குக்கும் மாற்று அல்ல. நான்கில் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் நிற்பது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் வரும். 9:30 முதல் 18:00 என்று நீங்கள் எழுதியது இந்திய நேரப்படி மாலை 3 மணிக்குத் திறந்து இரவு 11:30க்கு மூடும். நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வைத்து ஆஸ்டரிஸ்க்கை மறுதொடக்கம் செய்யுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்றவற்றை ஒருமுறை டைம் குரூப்பில் எழுதினால் போதும். தீபாவளி, ரம்ஜான் போன்று ஆண்டுதோறும் தேதி மாறும் நாட்களை டிசம்பரிலேயே அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவிடுங்கள். மழைக்குத் திடீர் விடுமுறை என்றால் *28இல் தொடங்கும் கால் ஃப்ளோ குறியீடு ஒன்றை வரவேற்பு மேசைப் போனின் பொத்தானில் வைத்துக்கொடுங்கள், ஓர் அழுத்தில் முழு வழியும் மாறும்.

140இல் தொடங்கும் விளம்பர அழைப்புகளை வடிகட்ட, டிஐடி காலியாகவும் காலர் ஐடியில் அடிக்கோடு, 140, ஏழு எக்ஸ் என்றும் ஒரு ரூட் போடலாம். வாசலில் காலர் ஐடிக்கு 0 சேர்த்திருந்தால் இங்கும் முன்னால் 0 வேண்டும். டிஐடியோடு இருக்கும் ரூட் எப்போதும் முந்திக்கொள்ளும் என்பதால், 'சிஐடி பிரயாரிட்டி ரூட்' என்பதையும் 'யெஸ்' ஆக்கினால்தான் இது வேலை செய்யும்.

என் தேர்வு

10 பேருக்குள் என்றால் பொது எண்ணுக்கு இரண்டு படி ரிங் குரூப், முடிவில் பொறுப்பாளரின் கைபேசி. ஐவிஆர் வேண்டாம், யார் வற்புறுத்தினாலும். 15 முதல் 40 பேர், தனித்தனிப் பிரிவுகள் என்றால் பொது எண்ணுக்கு ஓரடுக்கு ஐவிஆர், அதன் ஒவ்வொரு தேர்வும் ஒரு ரிங் குரூப். தனக்கென்று வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு மட்டும் நேரடி எண். சர்வீஸ் பிரிவில் அழைப்பு நெரிசல் இருந்தால் அந்த ஒரு தேர்வை மட்டும் கியூ ஆக்குங்கள். முழுக்க ஒரே வேலைக்கான உதவி மையம் என்றால் ஐவிஆரைத் தாண்டி நேராகக் கியூ.

மாற்றத்தை ஆள் இல்லாத நேரத்தில் செய்து, ஐந்து சோதனை அழைப்பு விடுங்கள்: சாதாரணமாக ஒன்று, யாரும் எடுக்காமல் ஒன்று, எல்லாப் போனையும் பிஸி ஆக்கிவிட்டு ஒன்று, ஒரு போனின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒன்று, வேலை நேரத்துக்கு வெளியே ஒன்று. நடுவிலுள்ள மூன்றும்தான் கோளாறைக் காட்டும்.

கியூ போட்டவர்கள் இரண்டு வாரம் கழித்து 'கியூ லாக்' கோப்பைத் திறந்து 'அபேண்டன்' என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். அந்த வரியின் கடைசி எண், அந்த மனிதர் எத்தனை நொடி காத்திருந்துவிட்டு வைத்தார் என்பது. பெரும்பாலும் 10 நொடிக்குள் என்றால் வரவேற்புக் குரலைச் சுருக்குங்கள். 60 நொடிக்கு மேல் என்றால் உத்தியை மாற்றிப் பயனில்லை, அந்த நேரத்துக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்.